‘அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?’ - விடிய விடியக் கூத்து பார்க்கும் செஞ்சியில் பத்து நிமிட நாடகத்தை ரசிப்பது எப்படி?

சித்திரை பிறந்துவிட்டால் செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பாதித் தூக்கம்தான். திரௌபதி அம்மன் கோயில் வாசலில் இரவு பத்து மணிக்கே பாய் விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். தலைக்கு ஒரு துண்டு, மடியில் வறுத்த மல்லாட்டை, பக்கத்தில் தூங்கி விழும் பேரப்பிள்ளை. ஆர்மோனியம் இழுத்து, முகவீணை கிளம்பி, திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்கும்போது ஊர் மொத்தமும் நிமிர்ந்து உட்காரும். அப்புறம் விடிகிற வரைக்கும் மகாபாரதம்தான்.

இப்படிப் பழகிய கண்ணுக்கு முன்னால் பத்து நிமிட நாடகம் ஒன்றைப் போட்டால் என்ன ஆகும்? இரண்டு பேர் வருகிறார்கள். ஒரு பெஞ்சில் உட்காருகிறார்கள். ஏதோ பேசுகிறார்கள். ஒருவர் எழுந்து போகிறார். விளக்கு அணைகிறது. கைதட்டுவதா, இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல் கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் நிச்சயம் வரும்: “அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

நியாயமான கேள்விதான். முழு இரவும் உட்கார்ந்து பழகியவர்களுக்குப் பத்து நிமிடம் என்பது வேஷம் கட்டி முடிக்கவே போதாத நேரம். ஆனால், தமிழ்நாட்டிலேயே குறுநாடகத்தை ரசிக்க அதிகத் தகுதி உள்ளவர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், அது செஞ்சிப் பக்கத்துக் கூத்து ரசிகர்களைத்தான். கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

தேசிங்கு ராஜன் கதையைப் பத்து நிமிடத்தில் போட முடியுமா?

செஞ்சி என்றாலே கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என மூன்று மலைகளையும் சேர்த்து வளைத்துக் கட்டிய மதில். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர்களின் 12 கோட்டைகள் ஒரே தொகுப்பாகச் சேர்ந்தபோது, மகாராஷ்டிராவுக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை இதுதான். ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு இது சிவாஜி கோட்டை என்பதைவிட தேசிங்கு ராஜன் கோட்டை. ஆற்காடு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714-ல் போர்க்களத்தில் உயிரைவிட்ட இளைஞன். கதைப்பாட்டாகவும் கூத்தாகவும் இந்தப் பக்கத்தில் எத்தனையோ தலைமுறை கேட்ட கதை.

முழுக் கதையையும் சொல்வதென்றால் குதிரையை அடக்கியதிலிருந்து கோட்டை கைமாறியது வரை ஓர் இரவு வேண்டும். அதைப் பத்து நிமிடமாக ‘சுருக்கினால்’ என்ன கிடைக்கும்? நாலு வாள்வீச்சு, ரெண்டு வீர வசனம், ஒரு சாவு. பள்ளி ஆண்டுவிழாக்களில் அடிக்கடி பார்க்கிற சங்கதி. அதை யாரும் ரசிக்க முடியாது. தப்பு பார்க்கிறவர்களிடம் இல்லை.

அதே கதையில் இன்னோர் ஆள் இருக்கிறான். தேசிங்கின் உயிர் நண்பன் மகபத்கான். கதைப்பாட்டு சொல்வது இது: வழுதாவூரில் மகபத்கானுக்குக் கல்யாணம். அந்த நேரம் பார்த்து தேசிங்கிடமிருந்து போருக்கு அழைப்பு வருகிறது. மாப்பிள்ளைக் கோலத்திலேயே கிளம்பிவிடுகிறான்.

இப்போது யோசியுங்கள். மேடையில் கல்யாண வீடு. ஒரு பக்கம் சமையல்காரர்களின் கலாட்டா. மாப்பிள்ளையைக் கிண்டல் செய்யும் சொந்தக்காரர்கள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வாசலில் நிற்கும் தூதன். அவனையும் விருந்தாளி என்று நினைத்து “முதல்ல சாப்பிடுப்பா” என்று பந்தியில் உட்காரவைக்கிறார்கள். முதல் ஆறு நிமிடம் சபை சிரித்துக்கொண்டே இருக்கும். கடிதம் மாப்பிள்ளை கைக்குப் போகிற இடத்தில் சிரிப்பு நின்றுவிடும். அவன் எழுந்து நிற்கிறான். விளக்கு அணைகிறது.

போர் இல்லை, குதிரை இல்லை, சாவு இல்லை. ஆனால் 1714-ல் நடந்தது முழுவதும் அந்த எழுந்து நிற்றலில் இருக்கிறது. குறுநாடகம் செய்யும் வேலை இதுதான். பெரிய கதையின் குட்டி நகலாக அது இருப்பதில்லை. கதையில் ஒரே ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நின்றுவிடுகிறது. ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்கிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ‘அந்த நிமிடத்தில் என்ன ஆச்சு?’ என்று கேட்கிறவருக்கு விருந்து.

கட்டியக்காரன் சொல்லிக் கொடுத்த பாடம்

காமெடியா, சீரியஸா? நாடகம் என்றாலே முதலில் கேட்பது இதைத்தான். நகரத்துச் சபா நாடகங்கள் ‘முழுநீள நகைச்சுவை’ என்று போஸ்டரிலேயே போட்டுவிடும். சிரிக்க வந்தவர் சிரித்துவிட்டுப் போகலாம்.

கூத்தில் அந்தப் பிரிவினையே கிடையாது. காரணம், கட்டியக்காரன். ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவதும் அவர்தான், வந்த ராஜாவை “யார் நீ? எந்த ஊரு?” என்று மடக்குவதும் அவர்தான். ஐம்பத்தாறு தேசத்தையும் ஆள்கிறேன் என்று துரியோதனன் மார்தட்டினால், “அப்ப எங்க தெருவுக்கு ரெண்டு நாளா தண்ணி வரல, அதையும் கொஞ்சம் பாரு” என்பார். களரி அதிரும்.

இதே கட்டியக்காரன்தான் துகிலுரியும் இரவிலும் நிற்கிறார். செஞ்சிக்குப் பக்கத்திலேயே உள்ள மேலச்சேரி, பழைய செஞ்சி என்று சொல்லப்படும் ஊர். திரௌபதி வழிபாட்டின் மூல ஊர் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடும் இடம் அது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-ல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் தலைப்பிலேயே ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ என்று ஊரின் பெயர் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் துகில் கூத்து நடக்கும்போது, துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கைவைப்பதற்கு முன்பு ஆட்டத்தை நிறுத்தி, அம்மனை வேண்டி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. கற்பூரம் காட்டுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கட்டியக்காரனின் ஜோக்குக்குச் சிரித்த அதே பாட்டி, கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

சிரிப்பும் பயமும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். இந்தக் கட்டத்துக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. இப்போதைய குறுநாடகங்களுக்கு வேண்டிய பயிற்சி இதுதான். செஞ்சிக்காரர்களுக்கு அது சின்ன வயதிலேயே கிடைத்துவிடுகிறது.

இது வெறும் ஊர்ப்பெருமை இல்லை. தமிழ் நவீன நாடகமே இந்த வாசலுக்கு வந்து பாடம் படித்திருக்கிறது. 1960-களின் இறுதியில் ‘காலம் காலமாக’ போன்ற சிறிய, புதிர் போன்ற நாடகங்களை எழுதத் தொடங்கியவர் ந.முத்துசாமி. தஞ்சை மண்ணின் புஞ்சை கிராமத்துக்காரர். செஞ்சிக்கு வடக்கே, செய்யாறு பக்கத்தில் உள்ள புரிசையின் நடேசத் தம்பிரான் ஆடிய கூத்தைப் பார்த்தது அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. 1977-ல் அவரும் நண்பர்களும் தொடங்கிய அமைப்புக்கு வைத்த பெயரே ‘கூத்துப்பட்டறை’. புரிசை கண்ணப்பத் தம்பிரானோடு சேர்ந்து பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். பசுபதி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே உருவானவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்காளராகச் சேர்ந்து, பக்கத்தில் நின்று பார்த்தே நடிப்பைக் கற்றுக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முத்துசாமிக்கு 2012-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018-ல் மறைந்தார்.

அவர் நாடகங்கள் புரியவில்லை என்று படித்தவர்களே புலம்பியது உண்டு. கூத்து பார்த்த கண்ணோடு பார்த்தால் அவ்வளவு பயமுறுத்தாது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வது, நின்ற இடத்திலேயே சுற்றி வந்து வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் காட்டுவது, பார்வையாளரிடம் நேராகத் திரும்பிப் பேசுவது எல்லாம் களரியில் தினமும் நடப்பவைதானே!

ஒரு குதிரைக்கு ஒரு பிடி தீனி

சிரிப்பு நாடகத்தை ரசிக்கத் தனியாக என்ன தெரிய வேண்டும், சிரித்தால் போதாதா? போதும்தான். ஆனால் எங்கே சிரித்தோம் என்று திரும்பிப் பார்த்தால் இன்னொரு ருசி இருக்கிறது.

பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யைச் சினிமாவாகப் பலர் பார்த்திருப்பார்கள். 1941-ல் வந்த படம். அது முதலில் மேடைக்காக எழுதப்பட்ட சிறு பிரகசனம். வரவேற்பைப் பார்த்து இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று எழுதினார். எஜமான் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் வேலைக்காரன். பார்க்கிறவர் முதலில் வேலைக்காரனின் மூளையைப் பார்த்துச் சிரிப்பார். கொஞ்ச நேரத்தில் எஜமானின் மூளையும் அதே லட்சணம்தான் என்று தெரியவரும். பெயர் ஒன்றாக இருப்பதன் குறும்பு அப்போதுதான் உறைக்கும்.

ரஷ்யாவின் அந்தோன் செகாவ் 1888-ல் எழுதிய ‘கரடி’ என்ற ஓரங்க நாடகம் இன்னொரு நல்ல உதாரணம். உலகம் முழுக்கக் கல்லூரி மேடைகளில் ஓயாமல் நடிக்கப்படுவது. கணவனை இழந்த பெண் ஒருத்தி, இனி வீட்டைவிட்டே வெளியே வரமாட்டேன் என்று துக்கம் காக்கிறாள். கணவனுக்குப் பிடித்த குதிரைக்கு இன்னொரு பங்கு ஓட்ஸ் கூடுதலாகப் போடச் சொல்கிறாள். கடன் வசூலிக்க ஒரு முரடன் வருகிறான். சண்டை முற்றித் துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளும் அளவுக்குப் போகிறது. சுடத் தெரியாத அவளுக்கு அவனே சொல்லிக்கொடுக்கப் போய், காதலில் விழுந்துவிடுகிறான். அவளும்தான். கடைசியில் அவள் வேலைக்காரனிடம் சொல்வது, இன்றைக்கு அந்தக் குதிரைக்கு ஓட்ஸே வேண்டாம் என்று.

செத்துப்போன கணவன்மீதான பாசம், புதுக் காதல் எல்லாம் ஒரு குதிரையின் தீனியில் அளக்கப்பட்டுவிட்டது. ஆரம்பத்தில் அந்த ஓட்ஸ் பேச்சைக் கவனிக்காதவருக்குக் கடைசி ஜோக் காலி! முழு இரவுக் கூத்தில் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் பீமன் இன்னும் சபதம் போட்டுக்கொண்டிருப்பான், ஒன்றும் குடிமுழுகாது. குறுநாடகத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனால் பாதி நாடகம் போச்சு. முதல் ஒரு நிமிடத்தில் வரும் ஒரு பொருளோ, ஒரு பேச்சோ பெரும்பாலும் சும்மா வருவதில்லை.

மூன்று பெண்கள், ஒரு திண்ணை

சீரியஸ் நாடகம் என்றால் அழுகை, தத்துவம், இருட்டு என்று ஓர் எண்ணம் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற சாமுவேல் பெக்கெட் 1965-ல் எழுதிய ஒரு நாடகத்தில் மொத்த வசனமே நூற்றைம்பது சொற்களுக்குள் முடிந்துவிடும்.

சிறு வயதுத் தோழிகளான மூன்று பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி எழுந்து இருட்டுக்குள் போகிறாள். உடனே மற்ற இருவரில் ஒருத்தி நகர்ந்து, அடுத்தவள் காதில் ஏதோ சொல்கிறாள். கேட்டவள் அதிர்ந்துபோகிறாள். போனவளுக்கு அது தெரியுமா என்று ஒரு கேள்வி. தெரியாது என்பதுபோல் ஒரு பதில். போனவள் திரும்பி வருகிறாள். அடுத்தவள் எழுந்து போகிறாள். மறுபடி அதே ரகசியப் பேச்சு, அதே அதிர்ச்சி. மூன்றாமவளுக்கும் அப்படியே. கடைசியில் மூவரும் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நாடகம்.

காதில் சொன்னது என்ன? கடைசி வரை பார்வையாளருக்குக் கேட்காது. ஆனால் மூன்று பேரைப் பற்றியும் ஏதோ மோசமான சேதி இருக்கிறது, சம்பந்தப்பட்டவளைத் தவிர மற்ற இருவருக்கும் அது தெரியும் என்பது மட்டும் புரிந்துவிடும். அயர்லாந்துக்காரர் பிரான்ஸில் உட்கார்ந்து எழுதியது. செஞ்சிப் பக்கத்தில் எந்தத் தெருவிலும் சாயங்காலம் திண்ணையில் நடப்பதுதான். ஒரு அக்கா தண்ணீர் பிடிக்க எழுந்து போனதும், “ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்களாம், தெரியுமா?” என்று குரல் தாழ்கிறதே, அதேதான். முதல் தடவை பார்க்கும்போது சிரிப்பு வரும். மூன்றாவது தடவை அதே காட்சி வரும்போது வராது. இரண்டுக்கும் நடுவில் எங்கே சிரிப்பு நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும். இந்த நாடகத்தில் புரிந்துகொள்ள வேறு ஒன்றும் பாக்கி இல்லை.

2002-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ‘ஷார்ட் ப்ளஸ் ஸ்வீட்’ என்று ஒரு விழா தொடங்கியது. ஒரு நாடகம் பத்தே நிமிடம், ஒரே மாலையில் பல நாடகங்கள். 2011-ல் அது சென்னைக்கும் வந்தது. ஒரு நாடகம் பிடிக்காவிட்டாலும் அடுத்தது பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்பது பார்க்கிறவருக்கு வசதி. ஒரு சங்கடமும் இருக்கிறது. பெக்கெட் மாதிரி ஒன்றைப் பார்த்து மனசு கனத்துப் போயிருக்கும்போதே அடுத்த குழு பேன்ட்டில் சாம்பாரைக் கொட்டிக்கொண்டு ஓடிவரும். நல்ல நாடகத்துக்குப் பிறகு ஒரு டீ குடிக்கிற இடைவெளியாவது வேண்டும்!

கட்டியக்காரி வந்தாள்

சென்னையில் ஸ்ரீஜித் சுந்தரம் தொடங்கிய நாடகக் குழுவின் பெயர் ‘கட்டியக்காரி’. கட்டியக்காரன் வேஷத்தைப் பெண்பாலாக்கிப் பெயர் வைத்ததிலேயே அவர்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்று தெரிகிறது. திருநங்கையர் நடிகர்களாக மேடையேறிய குழு அது. எழுத்தாளர் பாமாவின் ‘மொளகாப்பொடி’ சிறுகதையை அவர்கள் நாடகமாக்கினார்கள். தன் நிலத்தில் புல் அறுக்க வரும் பெண்களின் கண்ணில் மிளகாய்ப்பொடியைத் தூவுகிற நிலக்காரி. கேட்கவே கண் எரிகிறது. ஆனால் கதை முழுக்க அந்தப் பெண்களின் கேலியும் கிண்டலும் சிரிப்பும்தான். அழுதுகாட்ட மறுக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. யார் சிரிக்கிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? சிரிப்பு நாடகத்தில் நல்லது கெட்டது பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. குண்டாக இருப்பவரை, திக்கிப் பேசுபவரை, சேலை கட்டிய ஆணைக் காட்டினால் போதும், எந்தக் கூட்டமும் சிரிக்கும். அதற்கு நாடகம் வேண்டாம். கூத்திலும் அந்த மாதிரி மலிவான ஜோக்குகள் நடுராத்திரியில் வருவதுண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கட்டியக்காரன் கெட்டிக்காரராக இருக்கும் இரவில் அம்பு ராஜாவை நோக்கிப் போகும்.

‘கருத்து என்ன?’ என்று கேட்காமல் இருக்க முடியுமா

பெரிய ஊர்களுக்கு அரங்கம் இருக்கிறது. செஞ்சி மாதிரி ஊர்களுக்குத் தெருமுனைதான் அரங்கம். பேருந்து நிறுத்தம், பள்ளி மைதானம், கோயில் திடல். அங்கே வருவது பெரும்பாலும் வீதி நாடகம். அறிவொளி இயக்கக் காலத்திலிருந்தே பறையும் பாட்டும் குட்டி நாடகமுமாகக் கலைக்குழுக்கள் கிராமம் கிராமமாகப் போயிருக்கின்றன. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது. அப்போதும் ஊர் ஊராகச் சேதி சொல்லப் போனது கலைக்குழுக்கள்தான்.

வீதி நாடகத்தைச் சாதாரணமாக எடை போட்டுவிடக் கூடாது. 1989 ஜனவரி 1. டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில் தொழிலாளர்கள் முன்னால் ‘ஹல்லா போல்’ நாடகம் போட்டுக்கொண்டிருந்த சஃப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டார். மறுநாள் இறந்துபோனார். வயது 34. ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார்கள். தமிழ்நாட்டில் பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984-லிருந்து இந்தப் பாதையில் நடக்கிறது.

சேதி சொல்லத்தான் வீதி நாடகம் வருகிறது, அதில் தப்பில்லை. சிக்கல் வேறு இடத்தில். சேதி நாடகங்களையே பார்த்துப் பழகி, எந்த நாடகம் முடிந்தாலும் “இதுல என்ன கருத்து சொல்றீங்க?” என்று கேட்கப் பழகிவிட்டோம். பள்ளி மேடைகளில் இதன் விளைவு அப்பட்டமாகத் தெரியும். அரசுப் பள்ளிகளில் 2022-லிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று பிள்ளைகள் முன்னேறலாம். நாடகமும் அதில் உண்டு. எத்தனையோ கூச்ச சுபாவப் பிள்ளைகள் முதன்முதலாக மைக் முன்னால் நிற்கும் மேடை. ஆனால் பள்ளி நாடகம் என்றால் ஓர் அச்சு இருக்கிறது. எட்டு நிமிடம் குடிகார அப்பா தள்ளாடுவார். அம்மா அழுவார். கடைசி ஒரு நிமிடத்தில் எல்லோரும் வரிசையாக நின்று ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்பார்கள். கைதட்டல்.

அந்தத் தள்ளாட்டத்துக்குக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். நடிக்கிற பையனும் உற்சாகமாகி இன்னும் இரண்டு தடவை கூடுதலாக விழுவான். மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை சிரிக்காமல் உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அது நேற்று ராத்திரி வீட்டில் நடந்தது. கடைசியில் வரும் வாசகத்தால் அந்தப் பிள்ளைக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. கருத்து என்ன என்பது அதற்கு முன்பே தெரியும்.

இதே பத்து நிமிடத்தை வேறு மாதிரி யோசித்துப் பாருங்கள். மேடைக்கு அப்பா வரவே வேண்டாம். அக்காவும் தம்பியும் மட்டும். அப்பா வருவதற்குள் வீட்டில் எதையெல்லாம் எடுத்து ஒளித்துவைக்க வேண்டும் என்று பரபரக்கிறார்கள். மிக்ஸியைக் கட்டிலுக்கு அடியில், உண்டியலை அரிசி டிரம்மில். தம்பி அவசரத்தில் தன்னையே பீரோவுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்கிறான். சிரிப்பு வரும், நிச்சயம் வரும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இரண்டு பேரும் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு படிப்பது போல் உட்காருகிறார்கள். விளக்கு அணைகிறது. எந்த வாசகமும் வேண்டாம். அந்த மூன்றாவது வரிசைப் பிள்ளையும் இந்த நாடகத்துக்குச் சிரிக்கும். தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்ததல்லவா!

இப்படி ஒரு நாடகத்தைப் போடும் பிள்ளைகளைப் பார்த்து, முடிந்ததும் நடுவரோ பெற்றோரோ “கருத்து எங்கே?” என்று கேட்டால் அடுத்த வருஷம் அவர்கள் பழையபடி குடிகார அப்பாவுக்கே போய்விடுவார்கள். பார்க்கிறவர்கள் எதைக் கேட்கிறார்களோ, மேடையில் அதுதான் வரும். “அந்த செருப்புச் சத்தம் கேட்டப்ப எனக்கே பக்குன்னு ஆயிடுச்சு” என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டால் போதும். எந்தக் கேடயமும் அதற்கு ஈடாகாது.

செல்போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளை மேடையேறினால் வீடியோ எடுக்காமல் இருக்க அம்மா அப்பாவால் முடியாது, அதைக் குறை சொல்லவும் முடியாது. ஒருவர் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதுமே! வீட்டில் மிச்சம் பேராவது மேடையை நேராகப் பார்க்கலாம். சின்னத் திரைக்குள் நடிக்கிறவர் முகம் மட்டும்தான் தெரியும். பேசாமல் நிற்பவர் என்ன செய்கிறார் என்பது தெரியாது. குறுநாடகத்தில் பாதி விஷயம் அந்தப் பேசாத ஆளிடம்தான் இருக்கும்.

நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டதா? செஞ்சியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் புதுச்சேரி. பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளியே இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி இயக்குநராக இருந்த இடம், ‘பலி ஆடுகள்’ எழுதிய கே.ஏ.குணசேகரன் பணியாற்றிய இடம். நகருக்குள் இந்தியநாஸ்ட்ரம் குழு தொடர்ந்து நாடகங்கள் போடுகிறது. வடக்கே போனால் புரிசை. கண்ணப்பத் தம்பிரான் நினைவாக அங்கே நடக்கும் விழாவில் நவீன நாடகக் குழுக்களும் வந்து நடிக்கின்றன. சென்னையிலிருந்து வந்த குழு நாடகம் போடும்போது முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் கூத்து பார்த்தே வளர்ந்த கிராமத்துக்காரர்கள். அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்று கவனிப்பதற்காகவே ஒரு தடவை போகலாம்.

அதுவரைக்கும் உள்ளூர்க் களரி இருக்கவே இருக்கிறது. பதினெட்டாம் போர் கூத்து முடியும்போது பொழுது விடிந்திருக்கும். களிமண்ணால் செய்த பிரம்மாண்ட துரியோதனன் படுகளத்தில் கிடக்க, ஊர் மொத்தமும் சுற்றி நிற்கும். பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நடுவே, முகம் கழுவியும் காதோரம் அரிதாரம் போகாத கட்டியக்காரர், தோளில் ஒரு பையோடு செஞ்சி போகும் முதல் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் அவர் எதிரில் போய் நின்று, ராத்திரி அவர் கேட்டதையே அவரிடம் திருப்பிக் கேட்பார்கள்: “யார் நீ? எந்த ஊரு?”